வலது பக்கம், கொஞ்சம் கீழே

நாற்பதை நெருங்கிய லாரி டிரைவர், முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு ஜப்பான் போகிறேன் என்று வந்து நின்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? இருபத்துமூன்று பேர் தங்கி ஜப்பானிய மொழி படித்த விடுதியில் அவர்தான் மூத்தவர். பெரியண்ணன் என்று கூப்பிட்டோம். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம், பிள்ளை கிடையாது. இருந்த வேலையையும் விட்டுவிட்டு வந்திருந்தார். சாயங்காலம் எல்லோருக்கும் வீட்டிலிருந்து போன் வரும்; அவர் மட்டும் மாடிப்படியில் உட்கார்ந்து வார்த்தைத் தாளை முணுமுணுப்பார். பார்க்கவே சங்கடமாக இருக்கும். ஒரு நாளாவது பக்கத்தில் போய் உட்கார்ந்தேனா? இல்லை.

அந்த மாதம் நோய்ப் பாடம். காய்ச்சலுக்கு 'நெட்சு'. வயிறு சுருக் சுருக்கென்று வலித்தால் 'கிரி கிரி'. இருவர் இருவராகப் பேசிப் பழக வேண்டும். நான் நர்ஸ், பெரியண்ணன் நோயாளி. என்ன நோய் என்பதை நோயாளியே கற்பனை செய்துகொள்ளலாம். மற்ற நோயாளிகள் ஒரு நாள் பல்வலி, மறுநாள் முதுகுவலி என்று அளந்துவிட்டார்கள். இவரோ திங்கள்கிழமை வயிற்றுவலி என்றார். செவ்வாயும் அதேதான், புதனும் அதேதான். வலது பக்கம், கொஞ்சம் கீழே, கிரி கிரி.

"அண்ணே, அரைச்ச மாவையே அரைக்காதீங்க. வேற ஏதாவது சொல்லுங்க."

"எனக்கு இதுதான் வாயில வருது தம்பி" என்று சிரித்தார்.

வியாழக்கிழமை நெட்சுவும் வாந்தியும் சேர்ந்துகொண்டன. வகுப்புக்கு முன்னால் நின்று, வியர்க்க வியர்க்க, ஒரு பிழை இல்லாமல் சொன்னார்.

"முகத்துலயே வலி தெரியுது பாருங்க! இப்படித்தான் பேசணும்" என்றார் டீச்சர். எல்லோரும் கை தட்டினோம். நான் விசில்கூட அடித்தேன், மடையன்.

வெள்ளிக்கிழமை காலை குளியலறை வாசலில் சுருண்டு கிடந்தார். தொட்டால் உடம்பு அனலாகக் கொதித்தது. வார்டனைக் கூப்பிட ஓடப்போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்டா. உடம்பு சரியில்லன்னு தெரிஞ்சா ஜப்பான் போற லிஸ்ட்லேர்ந்து தூக்கிடுவாங்க. இதையும் விட்டா எனக்கு வேற என்னடா இருக்கு?"

கையை உதறிக்கொண்டு ஓடினேன். பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனையில் அவரை நேராக ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். குடல்வால் வெடித்துவிட்டதாம். பிழைப்பாரா என்று கேட்டேன். டாக்டர் என்மேல் எரிந்து விழுந்தார்.

"இது இன்னிக்கு வந்த வலி இல்லப்பா. நாலஞ்சு நாளா துடிச்சிருப்பார். கூடவே இருக்கீங்க, மனுஷன் ஒருத்தர்கிட்டயும் வாயத் திறக்கலையா?"



"திறந்தார் டாக்டர். தினமும் என்கிட்டதான் சொன்னார். நான்தான் நர்ஸ்."