அம்மாவின் மிஸ்கோலை எடுத்த பெண்

அம்மா நாவலப்பிட்டியில் தனியாக இருக்கிறாள். பொழுது சாய்ந்ததும் கண்டியிலிருக்கும் எனக்கு ஒரு மிஸ்கோல் கொடுப்பாள். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். தவறி நான் எடுத்துவிட்டால், ரீலோட் காசு வீணாயிற்றென்று ஏசுவாள்.

தம்பி கனடாவுக்குப் போனான். அகதி வழக்கு முடியும்வரை அவனால் திரும்பி வர முடியாது. அவனுக்கும் தினமும் ஒரு மிஸ்கோல் கொடுக்க அம்மாவுக்கு ஆசை. கையிலிருப்பதோ பட்டன் போன். வெளிநாட்டு நம்பரென்றாலே பயம். ஆகவே, இன்டர்நெட்டில் ஓர் இலங்கை நம்பர் வாங்கி, அதற்கு அடித்தால் தம்பியின் போன் அடிக்கும்படி செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான்தான். அதாவது, அது நின்றுபோனால் அணைத்துவிட்டு மறுபடி போடத் தெரிந்தவன்.

பல சேவைகளை ஒப்பிட்டேன். ஒன்றில் பேசலாம், எஸ்.எம்.எஸ். போகாது. இன்னொன்றில் எஸ்.எம்.எஸ். மட்டும் போகும். அம்மா வாழ்நாளில் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பியதில்லை, ஆனாலும் இரண்டும் உள்ளதையே எடுத்தேன். ஆளில்லாத நேரம் குரலைப் பதிவுசெய்யும் வசதி சும்மா கிடைத்தது. சும்மா கிடைப்பதை விட்டுவிட்டு வரும் வழக்கம் என்னிடம் இல்லை.

அந்த வசதிதான் மிஸ்கோலைக் கெடுத்தது. வேலை நேரத்தில் தம்பியின் போன் அணைந்திருக்கும். அம்மா அடித்த உடனேயே ஒரு பெண் இங்கிலீஷில் பேசத் தொடங்கிவிடுவாள். ஒருவர் பேசும்போது போனை வைப்பது மரியாதையில்லை என்று அம்மா முழுவதையும் கேட்டு, பதிலும் சொல்லியிருக்கிறாள். சாப்பிட்டாயா என்று அவளை விசாரித்து, மகன் வந்தால் தான் பேசியதாகச் சொல்லும்படி கேட்டிருக்கிறாள். தம்பி அந்தப் பதிவுகளை எனக்கு அனுப்பினான். இருவரும் சிரித்தோம். சரிசெய்ய மனம் வராமல் விட்டுவைத்தேன்.

ஒரு நாள் வந்த பதிவுக்குக் கீழே தம்பி எதுவும் எழுதவில்லை.

"உன்கிட்ட சொன்னா என்னம்மா. படி ஏறுனா நெஞ்சு அடைக்குது. பெரியவன்கிட்ட சொன்னா கேலி பண்ணுவான். சின்னவன்கிட்ட சொல்லிறாத. வர முடியாத பிள்ள, பாவம்."

அன்றும் எனக்கு மிஸ்கோல் வந்திருந்தது.

விடிந்ததும் வேன் பிடித்துப் போய் அவளைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தேன். வழியெல்லாம் கேலி, பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை. இதயத்தில் அடைப்பு என்றார்கள், வார்டில் வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம், யார் சொன்னதென்று கேட்டாள்.

"அது மெஷின்மா. நீ பேசுனதெல்லாம் தம்பிக்குத்தான் போச்சு."

அம்மா கட்டில் விரிப்பை வெகுநேரம் நீவிக்கொண்டிருந்தாள்.

"அழுதானா?"

இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன். ஆமென்று தலையை ஆட்டினேன்.

"அவன் எத்தன மணிக்கு எந்திரிப்பான்னு கேளு. நானே சொல்றேன். அவனையே எடுக்கச் சொல்லு."