ஆத்துமாக்களுக்காக ஓடிய நாள்

கல்லறைத் திருநாளன்று கோயிலுக்குள் போய் ஆறு பரலோக மந்திரம், ஆறு அருள்நிறை மந்திரம், ஆறு திரித்துவப் புகழ் சொன்னால், பாவம் தீர உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகிற ஒரு ஆத்துமா நேரே மோட்சத்துக்குப் போய்விடும். வெளியே வந்து மறுபடி உள்ளே போனால் இன்னொரு ஆத்துமா. எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். எங்கள் வகுப்புக் கன்னியாஸ்திரியை பிரெஞ்சுப் பழக்கத்தில் 'மசேர்' என்று கூப்பிடுவோம். வேண்டிக்கொள்ள ஆளில்லாத ஆத்துமாக்களுக்கும் தர்மமாகப் போய்வரும்படி மசேர் சொன்னார். நாங்கள் அதை ஓட்டப் பந்தயமாக எடுத்துக்கொண்டோம்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. எனக்கும் என் பெஞ்சுக்காரிக்கும்தான் போட்டி. அவள் குடும்பத்தில் பாதிப்பேர் சைகோனில் வேலை பார்த்துச் செத்தவர்கள், பட்டியல் நீளம். என் வீட்டில் செத்தவர்கள் எட்டோடு தீர்ந்துவிட்டார்கள். சும்மா விடுவேனா? பக்கத்து வீட்டுப் பெரியவருக்காகவும் ஒரு தடவை போய் வந்தேன். அவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். எப்படியும் ஒருநாள் உதவும் என்று நினைத்தேன்.

எண்ணிக்கையில் நாங்கள் ஒருவரையொருவர் நம்பவில்லை. அரியாங்குப்பத்திலிருந்து வரும் வகுப்புத் தோழியைக் கோயில் படிக்கட்டில் உட்காரவைத்தோம். விவசாயக் குடும்பம், இந்துப் பெண், போட்டியில் அவள் யார் பக்கமும் கிடையாது. போய்வந்தால் ஒரு புளியங்கொட்டை வைப்பாள். மகா கறார். சீக்கிரம் வந்துவிட்டேன் என்று இரண்டு தடவை கொட்டை வைக்க மறுத்தாள். எங்களைக் கேட்டுக் கேட்டே அவளுக்கு மந்திரமெல்லாம் மனப்பாடம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் சடையைப் பிடித்து இழுத்தேன். அப்படியும் வைக்கவில்லை.

சாயங்காலம் ஆளுக்கு இருபது. பெஞ்சுக்காரியை அவள் அண்ணன் வந்து கூட்டிப்போய்விட்டான். இன்னும் ஒன்று போனால் ஜெயித்துவிடுவேன். ஓடப்போன என்னைத் தோழி பிடித்து நிறுத்தினாள்.

"எங்கம்மாவுக்காவ ஒரு தடவ போயிட்டு வரியாடி?"

அவள் அம்மா அந்த ஆடியில்தான் செத்துப்போயிருந்தார். ஞானஸ்நானம் வாங்காதவருக்கு இது செல்லுமா என்று மசேரைக் கேட்டிருக்கலாம். செல்லாது என்று சொல்லிவிட்டால்? அதனால் கேட்கவில்லை. அம்மாவின் பேரை அவள் என் காதில் சொன்னாள். அன்றைக்கு முதல்முறையாக ஒரு வார்த்தையையும் விழுங்காமல் பதினெட்டையும் சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் கொட்டை வைக்கவில்லை. அம்மா போய்விட்டார்களா என்று கேட்டாள். மோட்சத்துக்கே போய்விட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப அமாவாசைக்கு வர மாட்டாங்களா?"

அமாவாசைக்கு அமாவாசை அவள் வீட்டில் கூரைமேல் சோறு வைப்பார்களாம். அம்மா காக்காயாக வந்து சாப்பிட்டுப் போவாராம். போன தடவை இவளைத் திரும்பிக்கூடப் பார்த்தாராம். சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். இருபத்தொரு பேரை அனுப்பியவளுக்கு ஒருவரைத் திருப்பி அழைக்க மந்திரம் தெரியவில்லை. மசேர் அதைச் சொல்லித் தரவில்லை.

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். மணியடிக்கிற கோயில்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். எங்கே போகிறீர்கள் என்று அதட்டினார். ஒரு ஆத்துமா தப்பாகப் போய்விட்டது, கூப்பிடணும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வழிவிட்டார்.

பீடத்துக்கு எதிரே இருவரும் முழங்கால் போட்டோம். நான் எதைச் சொல்வதென்று தெரியாமல் முழித்தேன். அவள் யாரையும் கேட்கவில்லை. நிமிர்ந்து கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

"ம்மா, எங்கியும் போவாத. அமாவாசைக்கு வந்துடு."

நான் ஆமென் என்றேன். காலையிலிருந்து எத்தனையோ ஆமென் சொல்லியிருந்தேன். மனசாரச் சொன்னது அது ஒன்றுதான்.