நான் படித்துச் சொன்ன ரிப்போர்ட்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் என் கணவருக்கு மஞ்சள்காமாலை விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் நீளமான ஊசியைச் செலுத்தி, ஈரலிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். அப்போது மூச்சை அடக்கச் சொன்னார்களாம். இவர் பயத்தில் இருமிவிட்டார்.

ரிப்போர்ட் ஆங்கிலத்தில் வந்தது. படப்பையில் எங்கள் தெருவில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. நோய் எதுவும் தென்படவில்லை என்ற வரியைப் பார்த்ததுமே, “உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்க!” என்று கத்தினேன்.

“மெய்யாலுமா? இன்னாடி சொல்ற?” என்று அழுதுவிட்டார். மாதா கோயிலில் நன்றிப் பூசை வைத்தோம். அதன்பின் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

மழைக்காலத்தில் அவருக்கு வயிறும் காலும் வீங்கிவிட்டன. ஓடினோம். டாக்டர் அதே தாளை என்னிடம் நீட்டினார். “கெடச்சது சின்னத் துணுக்கும்மா. அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, திரும்ப எடுக்கணும்னு கீழயே எழுதியிருக்கே, படிக்கலையா?”

இரண்டாம் முறை சதை முழுதாக வந்தது. ஈரல் அழற்சி என்று தெரிந்து, மருந்தில் பிழைத்துக்கொண்டார்.

இப்போது யார் ரிப்போர்ட்டைக் கொண்டு வந்தாலும், டாக்டரிடமே கேளுங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் இவர் இன்றும் தெருவில், “டாக்டருங்கதான் தப்பா எழுதிட்டாங்க” என்கிறார், என்னைக் காட்டிக்கொடுக்காமல். பக்கத்தில் நிற்கும் நான் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை.

இதை நான் எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகை எங்கள் தெருவுக்கும் வரும்.