ஆத்தா முன்னால் கழன்ற மோதிரம்

எட்டாவது வரைக்கும்தான் படித்தவள் நான். செவ்வாய், வெள்ளி விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் ஊரில் என்னை ஒரு வாரம் சூனியக்காரி என்றார்கள்.

வீட்டுக்காரருக்கு மதுரையில் ஆபரேஷன் நடந்தபோது, ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே கிடந்தேன். அழுது ஓய்ந்த நேரத்தில் போனில் ஒரு வித்தையைப் பார்த்துப் பழகினேன். பூக்கட்டும் நூலை வட்டமாக முடிந்து, ஒரு மோதிரத்தைக் கோத்து, எதிரே இருப்பவரின் இரண்டு கட்டைவிரலிலும் நூலை மாட்ட வேண்டும். நூல் விரலை விட்டு வராது. மோதிரம் மட்டும் என் கைக்கு வந்துவிடும். வீட்டுக்காரர் பிழைத்து எழுந்தால் முளைப்பாரி எடுக்கிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டதும் அதே வராண்டாவில்தான்.

பரளச்சிப் பக்கம் எங்கள் ஊர். அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒன்பது நாள் முந்தி, எல்லோருடைய சட்டியிலும் எரு நிரப்பிப் பயறு விதைத்து, ஒரே வீட்டின் இருட்டறையில் வைப்போம். வெயில் படாமல் வளர்ந்த முளையைத்தான் தலையில் சுமந்து கோயிலுக்குப் போவோம். அந்த வீட்டுக்கார அக்கா வைத்ததுதான் அங்கே சட்டம். முதல் நாள் கும்மி முடிந்து காப்பி குடிக்கும்போது, அவர் மோதிரத்தைக் கேட்டு வாங்கி வித்தையைக் காட்டினேன்.

"ஏத்தா, பேங்கு லாக்கரையும் இப்படித்தான் தொறப்பியா?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தது அந்த அக்காதான்.

நான்காம் நாள், மற்ற சட்டிகளில் விரல் உயரத்துக்கு முளை. அக்காவின் சட்டியில் மட்டும் ஒன்றுமில்லை. அவர் போட்டது போன வருசத்துப் பயறு, பூச்சி விழுந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் என் கை பட்ட மோதிரத்தால்தான் பயறு முளைக்கவில்லை என்று பேச்சாகிவிட்டது. "அவ சட்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்று அக்கா ஆள் விட்டார். நடுவில் வெளியே எடுத்தால் வெயில் பட்டு முளை வீணாகும். என் நேர்த்திக்கடன் நின்றுபோகும்.

"ஒரு மன்னிப்புக் கேட்டா கொறஞ்சா போயிருவ?" என்றார் வீட்டுக்காரர்.

"என்ன தப்புக்கு?" என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் பெண்கள் எல்லோரும் கூடினோம். அக்கா தட்டில் கற்பூரம் ஏற்றி நீட்டினார்.

"இனிமே செய்ய மாட்டேன்னு கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணு. எப்படிச் செஞ்சேன்னும் சொல்லிரு. இல்லைன்னா ஒனக்குப் பாரி கெடையாது."

நான் திருநீறு பூசிக்கொண்டேன். "மோதிரத்தக் கழட்டுங்கக்கா."

"என்னது?"

"ஆத்தா பாத்துக்கிட்டுத்தான இருக்கா? கெட்ட மந்திரமா இருந்தா அவ வாசல்ல பலிக்காதுல்ல. பாத்துருவோம்."

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. தவறினால் அத்தனை பேரும் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வார்கள். எதையாவது ஒளித்து வைத்திருக்கிறேனா என்று அக்கா என் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். திருநீற்றுப் பொட்டலமும் பஸ் டிக்கெட்டும் இருந்தன. பூசாரியின் பூக்கூடையிலிருந்து நூல் வாங்கி, அக்காவின் மோதிரத்தைக் கோத்து, அவருடைய கட்டைவிரல்களிலேயே மாட்டினேன். தாயே, நான் உனக்கு ஒன்றும் மறைக்கவில்லை என்று மனசுக்குள் சொன்னேன். இழுத்தேன்.

மோதிரம் என் கையில் இருந்தது.

"அக்கா, நூலு ஒங்க வெரல்லதான இருக்கு!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"எப்படிடீ?" என்றார் அக்கா.

"வெரலு செய்யிற வேல. ஆத்தாளுக்குத் தெரியும். ஒங்களுக்குச் சொல்ல மாட்டேன்."

"திமிரப் பாரு."

"ஆமாக்கா, திமிருதான். சூனியம் இல்ல."

கற்பூரம் தானாகவே எரிந்து அடங்கியது. யாரும் அணைக்கவில்லை.

மறுநாள் தண்ணீர் தெளிக்கப் போனபோது அக்கா வாசலில் நின்றார். "தள்ளுங்கக்கா" என்றேன். பாதிதான் தள்ளினார். ஒருக்களித்து நுழைந்து என் சட்டிக்குத் தெளித்தேன். வெறுமையாகக் கிடந்த அவர் சட்டிக்கும் ஒரு கை தெளித்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார்.

பொங்கலன்று, "நீ கடைசியில வா" என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். நான் போய் வரிசையின் நடுவில் நின்றேன். என்னை நகர்த்த யாரும் வரவில்லை. பாரியைத் தலையில் ஏற்றியபோது முளை நெற்றியில் உரசிக் கூசியது. கோயில் வரைக்கும் ஊரே இரண்டு பக்கமும் நின்று பார்த்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று மெதுவாகவே நடந்தேன்.