மச்சான் குனிந்த கதவு

பிள்ளைகளே, இந்தக் கார்க் கதையை உங்கள் மாமாவிடம் கேட்டால் அவர் கடைசியிலிருந்துதான் தொடங்குவார். கடைசித் துண்டுதான் அவருக்கு இனிப்பு. நான் முதலிலிருந்து எழுதுகிறேன். ஓ.எல். வகுப்போடு படிப்பை நிறுத்தியவனின் எழுத்து. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை.

நான் நெல் ஆலை லொறி ஓட்டிய காலம் அது. மலைநாட்டுக்கு அரிசி ஏற்றிப் போனால் திரும்பும்போது லொறி வெறுமையாக வரும். ஒரு தடவை பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கொட்டிலில் அந்தக் காரைக் கண்டேன். இரண்டு பேர் மட்டும் அமரும் பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். நீண்ட மூக்கு, கம்பிச் சில்லுகள். மேலே தகரக் கூரை கிடையாது, துணிதான். அந்தத் துணியையும் எலி தின்றிருந்தது. சீட்டில் கோழி அடை கிடந்தது. கோழியை இறக்கிவிட்டு, காரை வாங்கி, அரிசி மூட்டை ஏற்றும் பலகையை வைத்தே லொறியில் தள்ளி ஏற்றிக் கல்முனைக்குக் கொண்டுவந்தேன். நம் வீட்டு வளவின் ஓரத்துத் தகரக் கொட்டிலுக்குள் அது ஏறிக் குந்திக்கொண்டது.

நம் வளவு என்று எழுதிவிட்டேன். உண்மையில் அது உங்கள் உம்மாவுடைய வளவு. நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருகிறான். நானும் ஒரு பெட்டியோடு அப்படி வந்தவன்தான். அந்த வீடு எழும்பும்போது உங்கள் மாமா, அதாவது உம்மா காக்கா என்று கூப்பிடும் அண்ணன், தன் கையால் கல் சுமந்தார். அதை நான் மறந்துவிடாமல் அவர் பார்த்துக்கொண்டார்.

ஆலை மூடிப்போய் நான் வேலையில்லாமல் இருந்த வருடம், சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். ஒரே சஹனை, அந்தப் பெரிய சோற்றுத் தட்டை, சுற்றி ஆறு பேர் இருந்தோம். எனக்கு நேர் எதிரே மச்சான், உங்கள் மாமா. சோற்றைப் பிசைந்துகொண்டே, பக்கத்துச் சஹன்காரருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"என்ட தங்கச்சிட வளவுக்குள்ள ரெண்டு பழைய சாமான் கிடக்கு. ஒண்டு ஓடாது. மத்தது ஒழைக்காது."

சிரித்த சிரிப்பில் ஒருவருக்குப் புரைக்கேறியது. தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. மச்சான் அதோடும் விடவில்லை. கோழித் துண்டொன்றை என் பக்கமாகத் தள்ளிவிட்டு, "தின்னு மச்சான், வெக்கப்படாத" என்றார்.

சஹனில் இருந்து பாதியில் எழும்பினால் மற்ற ஐந்து பேரையும் அவமதித்ததாகும். அதனால் எழும்பவில்லை. அவர் தள்ளிவிட்ட துண்டையும் தின்றேன். அந்தத் துண்டு இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கல்யாணச் சட்டையைக் கூடக் கழற்றாமல் கொட்டிலுக்குள் போய்க் காரைப் பார்த்தேன். இவ்வளவு நாளும் ஓர் ஆசைக்காக வாங்கிவைத்த சாமான் அது. அன்றிலிருந்து வேறு வேலைக்கு வந்துவிட்டது.

பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஒன்றை ஓட்டக் கிடைத்தது. காலையும் மத்தியானமும் வேன். மற்ற நேரமெல்லாம் கொட்டில். என்ஜினைக் கழற்றி இறக்கினேன். காரின் அடித்தகரம் கடற்காற்றில் அப்பளம்போல உதிர்ந்தது. வெட்டி எறிந்து புதுத் தகரம் வைத்து ஒட்டினேன். துரு சுரண்டும்போதெல்லாம் நான் மச்சானைத்தான் சுரண்டினேன். மூக்குப் பக்கம் சுரண்டும்போது கொஞ்சம் கூடுதலாக அழுத்தினேன். உங்கள் உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "யாரோடயோ சண்டை பிடிக்கிற மாதிரியெல்லாவா சுரண்டுறீங்க" என்பார். யாரோடு என்று கேட்கமாட்டார்.

என்ஜின் முதல் தடவையாக இருமிப் புகை விட்ட மாதத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. என் அக்கா, ராத்தாவின் மகனுக்கு மச்சானின் மகளைப் பேசி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை என் மருமகன். அவனைப் பெண் வீட்டுக்குக் கூட்டிப் போகும் பொறுப்பு மாமன் என்ற முறையில் எனக்கு.

மாப்பிள்ளை வந்து இறங்கும் முறை உங்களுக்குத் தெரியும். பெண்ணின் வாப்பா தெருவுக்கு வருவார். தன் கையால் வாகனக் கதவைத் திறப்பார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இறக்குவார். அதுவரைக்கும் மாப்பிள்ளை அசையக் கூடாது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.

மச்சான் ஆள் உயரம், வயிறும் பெரிது. நம் காரோ முழங்கால் உயரம். அதன் கதவுக்கு வெளியே கைப்பிடியும் கிடையாது. உள்ளே கையைவிட்டு ஒரு தோல் வாரை இழுத்தால்தான் திறக்கும். இதெல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் விளங்கியது. கொட்டிலுக்குள் தனியாக இருந்து சிரித்தேன்.

ராத்தாவிடம் கேட்டேன். சம்மதித்தார். மருமகனிடம் கேட்டேன். "அதுலயா மாமா? பின்ன வேறென்னத்துல வாறது!" என்று துள்ளினான். வீட்டுக்கு வந்து, இடப்பக்கச் சீட்டுக்குக் கீழே உயரத்துக்காக வைத்திருந்த மரக்கட்டைகளைக் கழற்றினேன். சீட்டு இன்னும் ஒரு சாண் இறங்கியது. நானே வெளியே நின்று குனிந்து பார்த்தேன். எனக்கே மூச்சு முட்டியது. திருப்தியாக இருந்தது.

இனிப் பெயின்ட்தான் பாக்கி. கதவின் உட்பக்கம் ஒரு மூலையில் பழைய நிறம் தப்பியிருந்தது. விடிந்ததும் கடல் இருக்குமே, அந்த நீலம். அந்தத் துண்டைக் காட்டி நிறம் கலந்து எடுத்தேன். அறுவடைக் காலம். மாவடிப்பள்ளிப் பக்கம் வெட்டு மெஷின்கள் ஓடி, காற்றெல்லாம் நெல்லுத் தூசி. கொட்டிலைச் சுற்றிப் பொலித்தீன் கட்டி, தரையை நனைத்து, அசர் தொழுகைக்குப் பிறகு காற்று அடங்கும்வரை காத்திருந்து அடித்தேன். காய்ந்ததும் பார்க்க வேண்டும்! பக்கத்து வளவுப் பெண்கள் வந்து கதவில் முகம் பார்த்துத் தாவணி சரிசெய்துகொண்டு போனார்கள்.

மழை பெய்து வெயில் எறித்தது. பெயின்ட்டுக்குக் கீழே சின்னச் சின்னதாகப் பொக்குளங்கள் கிளம்பின. மூக்கு, கதவு, பின்பக்கம் எல்லாம். தொட்டால் கையில் நெருடியது.

யார் போய்ச் சொன்னார்களோ, மறுநாளே மச்சான் வந்துவிட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு பொக்குளத்தை நகத்தால் அமத்தினார்.

"வண்டிக்கு அம்மை போட்டிரிக்கி மச்சான். வேப்பிலை கட்டலியா?"

நான் துணியை எடுத்து அவர் நகம் பட்ட இடத்தைத் துடைத்தேன்.

"கேட்டுக்க," என்றார். இப்போது சிரிப்பு இல்லை. "இந்த இரும்புக்குள்ள வெச்சி மாப்பிள்ளைய நீ என்ட வாசலுக்குக் கொண்டு வந்தா, நான் கேட்டடிக்கு வரமாட்டன். ஒரு நாளும் வரமாட்டன்."

உங்கள் உம்மா குசினி வாசலில் இருந்து சொன்னார்:

"வராட்டிப் போங்க காக்கா. மாப்பிள்ள வண்டிக்குள்ளேயே குடியிரிக்கட்டும்."

"நீயும் இவனோடதான் சேந்திட்டாய்."

"நான் ஆரோடயும் சேரல்ல. ரெண்டு பழைய சாமான் கிடக்குண்டு சொன்னீங்களாமே. அது கிடக்கிறது என்ட வளவுக்குள்ள. ஒங்களுக்கென்ன?"

அந்தச் சஹன் பேச்சு பெண்கள் பக்கத்துக்கும் அன்றைக்கே போயிருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இவ்வளவு காலமும் உம்மா அதை வாயில் வைத்துக்கொண்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றியிருக்கிறார்.

மச்சான் போனதும் உம்மா பொக்குளங்களைத் தடவிப் பார்த்தார்.

"தேய்க்கக்குள்ள எந்தத் தண்ணி பாவிச்சீங்க?"

"கிணத்துத் தண்ணி."

"அல்லாவே! அந்த உப்புத் தண்ணியில நான் ஒங்கட வெள்ளச் சாரனையே அலசுறல்ல. காஞ்சா வரிவரியா உப்புப் பூக்கும். அதையா பெயின்டுக்குக் கீழ வெச்சீங்க?"

கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவன். கிணற்று நீர் உப்பென்று தெரியாதா? தெரியும். நாக்குக்குத்தான் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. பெயின்ட்டுக்கு முன் பூசும் பிரைமரைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கிறபோது அந்த உப்பு காய்ந்து தகரத்தோடேயே இருந்துவிட்டது. மேலே நான் அடித்த நீலம் அதை மூடியது. ஈரம் பட்டதும் அது ஊதிக் கிளம்பியிருக்கிறது.

எல்லாவற்றையும் உரித்தேன். கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் தடவை எடுத்த பொறுமை இந்தத் தடவை இல்லை, கோபம் மட்டும் இருந்தது. கோபத்தில் வேலை நன்றாகவே நடந்தது. உம்மா குழாய்த் தண்ணீரை வாளி வாளியாகப் பிடித்து வைத்தார். அது வராத நாட்களில் குடிக்க வைத்திருந்த பானையைக் கூடத் தூக்கிவந்தார். நான் தேய்க்க, அவர் கழுவ, நான் துடைக்க, அவர் மறுபடி கழுவ. கடைசிப் பூச்சு காய்ந்த அன்று உம்மா கதவைத் தடவிப் பார்த்து, "காக்காட வழுக்கைய விட இது வழுவழுப்பு" என்றார். இதை மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

கல்யாண நாள். மருமகன் கோட்டும் தொப்பியும் மாலையுமாகச் சீட்டில் இறங்கிக் குந்தினான். வெளியே அவன் தொப்பிதான் தெரிந்தது. பின்னால் வேன்களும் மோட்டார் சைக்கிள்களும். தெருவெல்லாம் கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் பிடித்தார்கள். பெண் வீட்டுக் கேட்டடியில் நிறுத்தினேன். குரவை கிளம்பியது.

மச்சானைக் காணவில்லை.

குரவை ஓய்ந்தது. பெண்கள் மறுபடி ஒரு தடவை குரவையிட்டுப் பார்த்தார்கள். அதுவும் ஓய்ந்தது. என்ஜின் சூடாகி முன்னால் ஆவி கிளம்பத் தொடங்கியது. "மாமா, நான் இறங்கவா?" என்றான் மருமகன். "அசைஞ்சாய் எண்டா ஒன்னயும் உரிச்சிப் பெயின்ட் அடிப்பன்" என்றேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தேன். வராமல் விட்டால் இவ்வளவு வேலையும் வீண்.

உள்ளே நிக்காஹ் செய்துவைக்கக் காத்திருந்த மௌலவியின் குரல் கேட்டது. "காவினுக்கு நேரமாகுது. பொண்ணுட வாப்பா வராம மாப்பிள்ள எப்படி உள்ளுக்கு வாறது?"

அவர் வந்தார். முகம் கல்லாக இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. கதவின் பக்கத்தில் வந்து கைப்பிடியைத் தேடினார். இல்லை. கதவைச் சுற்றித் தடவினார். இல்லை.

"உள்ளுக்கு, மச்சான்," என்றேன். "கொஞ்சம் குனியணும்."

கொஞ்சம் குனிந்தார். எட்டவில்லை. இன்னும் குனிந்தார். புதுக்கோட்டு முதுகில் இறுகியது. முகம் நீலக் கதவில் தெரிந்தது. அவர் முகத்தை அவரே இவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கமாட்டார். வாரைப் பிடித்து இழுத்தார். கதவு திறந்தது. தெருவே பார்த்தது. நானும் பார்த்தேன், கண் சிமிட்டாமல். தின்ற அந்தத் துண்டு அன்றைக்குக் கொஞ்சம் கீழே இறங்கியது.

மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தார். சீட்டு இறக்கிய பள்ளத்தில் இருந்து எழும்ப மருமகனுக்கு ஏலவில்லை. தன் முழுப் பாரத்தையும் அந்தக் கையில் போட்டு ஒரு இழுப்பு இழுத்தான். அவன் மேலே வந்தான். மச்சான் கீழேயே நின்றுவிட்டார்.

"யா அல்லாஹ்! நாரி! நாரி பிடிச்சிட்டு!"

இடுப்புப் பிடித்து, வளைந்தது வளைந்தபடி. நிமிர்த்தப் போனவர்களைக் கத்தித் துரத்தினார். அப்படியே இரண்டு பேர் தாங்கி உள்ளே கொண்டுபோய்க் கதிரையில் சாய்த்தார்கள். வளைந்தபடியே மருமகனின் கையைப் பிடித்து மகளைக் கட்டிக்கொடுத்தார். ஒவ்வொரு சொல்லையும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். காவின் முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

பிறகு ஆஸ்பத்திரி. வேனுக்குள் தூக்கி ஏற்றப் பார்த்தார்கள். கால் உயர்ந்ததும் அலறினார். முச்சக்கரவண்டிக்குள்ளும் ஏறவில்லை. அப்போது அவருடைய மனைவிதான் சொன்னார்:

"அந்தச் சின்னக் காருதான் நிலத்தோட பதிஞ்சிரிக்கி. அதுக்குள்ள அப்படியே சரிச்சி விடுங்களன்."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். சரித்து விட்டார்கள். வளைந்த முதுகுக்கு அளவெடுத்துத் தைத்தது போல அந்தச் சீட்டு பொருந்தியது.

பெரிய றோட்டால் போயிருக்கலாம். நான் உள் றோட்டால் போனேன். உள் றோட்டில் பள்ளிவாசலடியிலும் பாடசாலையடியிலும் வேகத்தடைகள். ஒவ்வொரு தடையிலும் மச்சான், "மெல்ல மச்சான், மெல்ல" என்றார். எங்கள் இருவருக்கும் இடையில் அப்படி ஒரு குரலை அவர் பாவித்தது கிடையாது. நான் மெல்லத்தான் விட்டேன். ஆனால் ஒரு தடையையும் விடவில்லை.

"ஓடுது என்ன?" என்றேன்.

"ம்."

"கேக்கல்ல."

"ஓடுது! ஓடுதுடா! றோட்டப் பாரு!"

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். தள்ளுகட்டில் கொண்டுவர உள்ளே ஆள் போயிருந்தது. வெளியே நோயாளிகளும் சொந்தக்காரர்களுமாகக் கூட்டம். காரைப் பார்க்க எல்லோரும் கிட்டே வந்துவிட்டார்கள். நான் சுற்றிவந்து கதவடியில் நின்றேன். கையை உள்ளே விட்டேன். வாருக்கு எட்டவில்லை. இன்னும் குனிந்தேன். கதவைத் திறந்து, அவருடைய கமக்கட்டுக்குள் இரண்டு கையையும் கொடுக்க வேண்டும் என்றால் நிலத்தில் முழங்கால் ஊன்றினால்தான் சரி. ஊன்றினேன். என் நெற்றி அவர் கோட்டுப் பொத்தானில் முட்டியது. அத்தர் மணத்தது.

என் காதுக்குப் பக்கத்தில் அவர் வாய் இருந்தது. வேதனையிலும் ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னார்:

"குனி மச்சான். நல்லாக் குனி. சனம் பாக்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்த அசைவில் நாரி இழுத்து, "உம்மோ!" என்று அந்த வாசலே திரும்பிப் பார்க்கக் கத்தினார். அந்தக் கத்தலை நான் என் பக்கத்துக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டேன்.