அப்பா வாங்கி வந்த ஆண் சுறா

தம்பி பிறந்த வாரம் எங்கள் வீட்டில் ஒரே பேச்சு பால்தான். அம்மாவுக்குப் பால் போதவில்லை; அவன் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தான். பவுடர் பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதை, பிரசவம் பார்க்க ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த அத்தை காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பால் சுறாவில் புட்டு செய்து கொடுத்தால் தானாக ஊறும், நல்ல பெரிய சுறாவாகப் பார்த்து வாங்கி வா என்று தன் தம்பியான என் அப்பாவைப் புத்தூர் மீன் மார்க்கெட்டுக்கு விரட்டினாள். நானும் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டேன்.

காவிரிக் கெண்டையைத் தாண்டி வேறு மீன் அறியாத எனக்குச் சுறா என்றால் ஆளை விழுங்கும் பூதம். ஐஸ் பெட்டியில் கிடந்ததோ என் இடுப்பு உயரம்கூட இல்லாத, கூர்மூக்குச் சாம்பல் மீன். சப்பென்று ஆகிவிட்டது. இருந்ததில் பெரியதை அப்பா காட்ட, மீன்காரம்மா வயிற்றைக் கீறினார். உள்ளே சாண் நீளத்தில் நாலைந்து குட்டிகள், தொப்புள்கொடியோடு.

"இது முட்டை போடாதுங்க, நம்மள மாதிரி குட்டி போடுற சாதி. பெருசுன்னா பாதி சினையாத்தான் இருக்கும். குட்டியையும் சேர்த்துப் போடவா?"

அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. "வேணாங்க. இதுக்கும் காசு தந்துடுறேன். ஆண் சுறா ஏதாச்சும் இருந்தா குடுங்க."

அவர் அப்பாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகப் புரட்டி, அடிவயிற்றில் குச்சிபோல இரண்டு நீட்டிக்கொண்டிருந்த சின்னச் சுறாவை எடுத்துக் கொடுத்தார்.

அத்தை கழுவும்போதே அந்தக் குச்சிகளைக் கண்டுபிடித்துவிட்டாள். "ஏன்டா, ஆம்பளைச் சுறாவுல எங்கேர்ந்துடா பால் ஊறும்? மூளை கீளை இருக்கா?"

அப்பா உள்ளறைக்குப் போய்விட்டார். நான்தான் குட்டிகள், கொடி உட்பட நடந்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அத்தை அதன்பின் ஒரு வார்த்தை திட்டவில்லை. மஞ்சள் போட்டு வேகவைத்து, சொரசொரத் தோலை உரித்து, உதிர்த்து, பூண்டு தட்டிப் போட்டு வதக்கினாள். அந்த வாசனைக்கு இன்றைக்கும் என் நாக்கு ஊறும்.

எல்லாவற்றையும் உள்ளறையில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, தட்டை வாங்கியவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காரம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சில நாட்களில் தம்பி வயிறு நிறையக் குடித்துத் தூங்கினான். ஆம்பளைச் சுறாவில் பால் கறந்தவர் என்று சொந்தக்காரர்கள் அப்பாவை ரொம்ப நாள் ஓட்டினார்கள். நானும் சேர்ந்துகொண்டு சிரித்தேன். எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு பிள்ளை அம்மாவின் வயிற்றிலேயே அடங்கிப்போனதையும், ஆஸ்பத்திரியில் அதைத் துணியில் சுற்றி அப்பா கையில்தான் கொடுத்தார்கள் என்பதையும் எனக்கு அப்போது யாரும் சொல்லியிருக்கவில்லை.