கரண்டு வைக்கச் சிதம்பரம்

போன வருடக் கோடை விடுமுறையில் எங்கே போனீர்கள் என்று சிலர் கேட்டிருந்தார்கள். சிதம்பரம் போனேன், இருபத்தாறு முறை. கோயில் பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. என் மாமனாருக்குக் கழுத்தில் புற்றுநோய்க் கட்டி. கதிர்வீச்சு கொடுக்கும் ஆஸ்பத்திரிக்குத் திங்கள் முதல் வெள்ளிவரை அவரைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். கடலூர்ப் பக்கமிருந்து இதே காரியமாகப் போகிறவர்கள் இன்னும் இருப்பார்கள். இது அவர்களுக்காக.

மாமா வீடு குடிகாட்டில். நான் கடலூரில் இயற்பியல் வாத்தியார். காலை 6.15க்கு வண்டியை அவர் வீட்டில் விட்டுவிட்டு, 6.40க்கு வரும் பஸ்ஸைப் பிடிப்போம். முப்பத்தெட்டு கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம், அப்போது டிக்கெட் முப்பத்து நாலு ரூபாய். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவுக்குத் தலைக்குப் பதினைந்து. போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். இடப்பக்கம் முழுக்க வெயில் அடிக்கும், கதிர்வீச்சு பட்ட தோல் அதைத் தாங்காது.

எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சு என்று யாரும் சொல்வதில்லை. ‘கரண்டு வைக்கிறது’ என்பார்கள். எல்லாருக்கும் அது வெறும் பேச்சு. மாமாவுக்கு அப்படியில்லை. முப்பது வருடம் ஒரு தொழிற்சாலையில் ஒயர்மேனாக இருந்தவர். கூட வேலை பார்த்தவர் பேனலில் கை வைத்தபடியே செத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். முதல் நாளே பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டார்.

"எத்தினி வோல்ட்டு வப்பாங்க மாப்ள?"

மில்லியன் கணக்கு என்பதை விழுங்கிவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். பாடம் நடத்தினேன். எலக்ட்ரானுக்கு வேகம் கொடுப்பது மின்புலம். காந்தப்புலம் வேகத்தைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. போகிற திசைக்குக் குறுக்கே இழுத்துத் திருப்பும், மூக்கணாங்கயிறு மாட்டைத் திருப்புகிற மாதிரி. அந்த மெஷினில் காற்றில்லாத ஒரு குழாய்க்குள் எலக்ட்ரானை விரட்டி, காந்தத்தால் கீழ்நோக்கி வளைத்து, ஒரு உலோகத் தகட்டில் மோதவிடுகிறார்கள். தகட்டிலிருந்து கிளம்பி நோயாளிக்கு வருவது எக்ஸ்ரே. அதற்கு மின்னூட்டமே கிடையாது.

"எலக்ட்ரான் ஓடறதுக்குப் பேருதான் மாமா கரண்டு. அது அந்தத் தகட்டோட சரி. ஒரு எலக்ட்ரான்கூட மெஷின உட்டு உங்ககிட்ட வராது."

"நீ சொன்னா சரி" என்று ஏறினார். எனக்கு ஒரே பெருமை.

இருபத்தைந்து நாள் ஒழுங்காகப் போனது. ஒழுங்காக என்றால் தேதி தவறாமல் என்று அர்த்தம். முகத்தை அசைக்கவிடாத பிளாஸ்டிக் உறைக்குள் தினமும் படுத்தார். மூன்றாவது வாரம் நாக்கில் ருசி போனது. நாலாவது வாரம் கழுத்துத் தோல் கருத்து உரிந்தது. புதுச்சத்திரம் தாண்டும்வரை பேசிக்கொண்டே வருகிற மனிதர் பேச்சையே விட்டுவிட்டார். கண்டக்டர் எங்களைப் பார்த்ததும் "அய்யாவுக்கு எடம் உடுங்கப்பா" என்று யாரையாவது எழுப்பிவிடுவார். அந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் இடத்தை எடுத்துக்கொண்டோம்.

இருபத்தாறாவது நாள் உள்ளே போனவர் இரண்டே நிமிடத்தில் சட்டைப் பட்டன்கூடப் போடாமல் வெளியே வந்தார். பின்னாலேயே டெக்னீஷியன் ஓடி வந்தார். "அய்யா, அஞ்சே அஞ்சுதான் பாக்கி!"

டெக்னீஷியன் என்னிடம் விளக்கினார். தண்டுவடம் தாங்கும் அளவு எக்ஸ்ரே கொடுத்தாகிவிட்டது. மிச்சக் கட்டி தோலுக்குப் பக்கத்தில் இருப்பதால் இனித் தகட்டை விலக்கிவிட்டு எலக்ட்ரானையே நேராகக் கொடுப்பார்கள். அது சில சென்டிமீட்டரில் நின்றுவிடும், தண்டுவடம் தப்பிக்கும். நல்ல ஏற்பாடுதான். முந்தைய வாரம் டாக்டர் இதை ‘பூஸ்ட்’ என்று சொன்னபோது, அது என்ன என்று கேட்காமல் தலையாட்டியவன் நான்.

மாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "கழுத்துக்கிட்ட பொட்டியாட்டம் ஒண்ண எறக்கனான். இன்னாதுன்னேன். எலக்ட்ரான் அய்யாங்கறான். எலக்ட்ரான்னா கரண்டுதானே? நீதானே சொன்ன?"

"இது ஷாக் அடிக்காது மாமா. ரொம்பக் கம்மி. கொஞ்ச தூரம் உள்ள போயி நின்னுடும்."

"நின்னுட்டு? அப்பறம் எங்க போவும்?"

வகுப்பில் ஒரு பிள்ளை இதைக் கேட்டிருந்தால் தட்டிக்கொடுத்திருப்பேன். அப்போது பொய் சொல்லியிருக்கலாம். "உடம்பு வழியா மேசைக்கு, அங்கேருந்து தரைக்கு" என்றேன். "உடம்புல ஒண்ணும் தெரியவே தெரியாது மாமா."

"அப்ப நான்தான் எர்த்து."

10.20 பஸ்ஸில் திரும்பினோம்.

அதோடு அவர் போகவில்லை. என் மனைவி செல்வி அப்பாவின் காலைப் பிடித்து அழுதாள். டாக்டரே போனில் பேசினார். ஒருநாள் மாமா என்னிடம் மட்டும் சொன்னார்: "கரண்டுக்கு பயந்துகிட்டு இல்ல மாப்ள. வராதுன்னு சொல்லிட்டு வைக்க வந்தீங்க பாரு, அதான்." ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை என்று மன்றாடினேன். தெரியாமல் சொன்னது அதைவிடக் கேவலம் என்பது எனக்கே தெரியும்.

போன மாதம் கட்டி அதே இடத்தில் மறுபடி வந்தது. இப்போது அவராகவே கேட்கிறார். "அந்த பாக்கி அஞ்ச வச்சிக்கறேன்னு சொல்லு மாப்ள." ஸ்கேனை எடுத்துக்கொண்டு போன செவ்வாய்க்கிழமை நான் மட்டும் அதே பஸ்ஸில் போனேன். நுரையீரல்வரை போய்விட்டது, இனி வலிக்கு மட்டும் மருந்து என்றார் டாக்டர். அந்த ஐந்தையும் முடித்திருந்தால் இது வந்திருக்காதா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்த ‘சொல்ல முடியாது’வோடுதான் நான் தூங்கி எழுகிறேன்.

போகிறவர்களுக்கு: காலர் இல்லாத பருத்திச் சட்டை போடுங்கள். கஞ்சியை வீட்டிலிருந்தே பிளாஸ்க்கில் கொண்டுபோங்கள். முதல் நாளைக்கு முன்பே, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை எதை எத்தனை நாள் வைப்பார்கள் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். புரியாத வார்த்தைக்குத் தலையாட்டாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், முக்கியமாக உங்களை நம்புகிறவரிடம்.

இதையெல்லாம் எழுதுகிற நான் அந்தச் செவ்வாய்க்கிழமை திரும்பி வந்து மாமாவிடம் சொன்னது, "மிஷினு ரிப்பேரு மாமா, பத்து நாளாவும்."

நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னா ஃபால்ட்டுன்னு கேட்டுகிட்டு வா மாப்ள. ஒயரிங்ல இருந்தா நானே வந்து பாக்கறேன்."

கேட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.